நாற்பதாவது வாரம்

குறைப்பிரசவத்துக்கும் கிருமித்தொற்றுக்கும் என்ன உறவு என்று ஆராய்கிறவள் அவள். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் இருநூறு குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு நஞ்சுக்கொடி, மேலே பிரசவமான வாரம். ஒன்று அவளுடையது, தங்காமல் போன பிள்ளையுடையது. இருபத்துமூன்று என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள்.

திங்கட்கிழமைதோறும் குப்பிகளைச் சரிபார்ப்பது வழக்கம். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய குப்பியில் இருபத்துநான்கு என்றிருந்தது, அவள் கையெழுத்திலேயே. பிறகு இருபத்தைந்து. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு எப்போது கழியும் என்றிருந்தது அவளுக்கு.

இன்று உதவியாளர் பெண் தடித்த கையுறையோடு அதை எடுத்தாள்.

"அக்கா, இதுல நாப்பது வாரம்னு போட்டிருக்கு. நிறைமாசம் நமக்கு ஆகாதே, தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம்மா. இங்க குடு."

வெறுங்கையை நீட்டி வாங்கினாள். குப்பி வெதுவெதுவென்று இருந்தது.