மூன்றாவது வயர்

"நல்லா இருந்த சாமானைக் கெடுத்துட்டியேம்மா! தொட்டா அடிக்குது!" என்று சுந்தரலிங்கம் கையை உதறினார்.

அக்குறணைப் பழைய சாமான் கடையில் அவர் ஆசையாக வாங்கிய வால்வு காலத்து ஆசிலோஸ்கோப் அது; மின் அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. அதன் இற்றுப்போன இரண்டு வயரை எடுத்துவிட்டு, எர்த்தோடு மூன்று வயர் போட்டவள் மருமகள் ஞானேஸ்வரி. அந்தக் குடும்பத்திற்கு வந்த முதல் பட்டதாரி.

"பௌதிகம் படிச்சா போதுமா? இனி என் மெஷின் எதையும் நீ தொடாதே. கடைக்காரன்கிட்டயே கொடுத்துக்கிறேன்."

ஞானேஸ்வரிக்குச் சுள்ளென்று வந்தது. டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் தகரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா?"

"நீங்களும் பாத்துக்கிட்டே இருங்க, மாமா."

டெஸ்டரை அவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய், பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அடடே, விளக்கு அணைஞ்சிருச்சு! என்ன செஞ்ச?"

"பிரிட்ஜ்ல கரண்ட் கசியுது. அதை மண்ணுக்கு இறக்குற எர்த் கம்பி இந்த வீட்டுல எங்கயோ அறுந்து கிடக்கு. போக வழியில்லாம, சுவர் பிளக்ல இருந்து நான் போட்ட மூணாவது வயர் வழியா உங்க மெஷினுக்கு வருது. முன்ன அதுல எர்த் வயரே இல்லை, அதனால தெரியலை."

சுந்தரலிங்கம் டெஸ்டரை மறுபடியும் தகரத்தில் வைத்துப் பார்த்தார். குசினி வாசலுக்கு வந்த அவர் மனைவி நல்லம்மா, நிதானமாகக் கேட்டாள்:

"ஏங்க, பிரிட்ஜைத் தொட்டா சுரீர்னு இழுக்குதுன்னு நான் சொன்னப்பல்லாம், நரம்புத் தளர்ச்சின்னு குளிசை வாங்கித் தந்தீங்களே. மிச்சத்தை நீங்க முழுங்குறீங்களா?"