துண்டு போட்ட நாற்காலி

“எங்க துண்டைத் தூக்கிட்டுப் போகச் சொன்னது யாரு? ஆளை மட்டும் காட்டு, மத்ததை நான் பாத்துக்கறேன்!”

உல்லாசக் கப்பலின் ஐந்தாம் தளத்தில், பயணிகள் சேவைக் கவுன்ட்டர் அந்த அம்மாளின் உள்ளங்கை பட்டு அதிர்ந்தது. கவுன்ட்டர் பெண்ணுக்குக் காலைத் தேநீர்கூட இன்னும் தொண்டையில் இறங்கவில்லை. அம்மாளுக்கோ கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. அப்படி ஒரு கோபம்! பின்னால் அவருடைய கணவர், யார் வீட்டுச் சண்டையோ என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடம், நீச்சல் குளத்தோரம் நாற்காலியில துண்டு மட்டும் கெடந்து, அரை மணி நேரம் ஆள் வரலைன்னா எடுத்துடுவாங்க. அதுதான் கப்பல் விதி. அங்க போர்டுகூட மாட்டியிருக்கோம்.”

“துண்டு போட்டா இடம் நம்மளது. ஊர் உலகத்துல எங்க போனாலும் அதுதான் சட்டம்! மத்தவங்க துண்டெல்லாம் மத்தியானம் வரைக்கும் கெடக்கு. எங்களுது மட்டும் நாலு நாளா காணாமப் போகுது. யாரோ வேணும்னே போட்டுக் குடுக்கறாங்க. யாரு அது?”

“புகார் சொன்னவங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுங்க மேடம். அதுவும் விதிதான்.”

“குடு, அந்தப் புகார்ப் படிவத்தை. ஒண்ணு பத்தாது, ரெண்டு குடு!”

கவுன்ட்டர் பெண் படிவக் கட்டை மெல்ல மேசைக்கடியில் தள்ளினாள். இந்தப் பயணத்தில் எழுத்தில் இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும், அவளைக் கீழ்த்தளத்துச் சலவை அறைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். சன்னலே இல்லாத அறை. அங்கே போனால் கரை சேரும்வரை இதே துண்டுகளைத்தான் மடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“மேடம், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. நானே ஒரு வழி பண்றேன்.”

“பண்ணு. இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டுத்தான் மறு வேலை.” அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, நாளைக்கு அஞ்சு மணிக்கு வேணாம், நாலரைக்கே போயிடுங்க. துண்டைப் போட்டமா, காப்பி குடிச்சமா, துண்டைக் காணோம்னு ஆறு மணிக்கே அறைக்கு வந்து படுத்தமான்னு இல்லாம, அங்கேயே குத்துக்கல்லாட்டம் உக்காருங்க. ஏழு மணிக்கு முன்னாடி எந்திரிச்சீங்க, அவ்வளவுதான்!”

இருவரும் போனார்கள்.

இரண்டே நிமிடத்தில் அவர் மட்டும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“கண்ணாடியை இங்க வெச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. “ஏம்மா, அது நான்தான்.”

“எது சார்?”

“போட்டுக் குடுத்தது.”

அவள் வாயைப் பிளந்தாள்.

“முப்பது வருஷம் விடியக்காலை ஷிஃப்ட் பாத்தவன்மா நான். ரிட்டயராகி இந்தக் கப்பல்ல ஏறினதே, எட்டு மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கத்தான். இவ என்னடான்னா அஞ்சு மணிக்கே போர்வையை உருவிட்டு, துண்டைக் கையில திணிச்சு வெளிய தள்ளிடறா. அந்த நேரத்துல தளம் கழுவறவங்க என் காலையும் சேர்த்துக் கழுவறாங்க. துண்டு தங்காதுன்னு தெரிஞ்சா விட்டுடுவான்னு பாத்தேன். கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா, இப்ப நாலரை ஆயிடுச்சு! எப்படியாவது காப்பாத்தும்மா.”

பாவம், மனிதர் அழாத குறை. கவுன்ட்டர் பெண் அன்று சாப்பாட்டு நேரத்தைக்கூட விட்டுவிட்டு, நீச்சல் குளத்து மேற்பார்வையாளரிடம் போய்ப் பல்லைக் காட்டினாள். கெஞ்சினாள். கடைசியில் காரியத்தைச் சாதித்துக்கொண்டுதான் திரும்பினாள்.

மாலையில் இருவரும் வந்ததும், அறை எண் அச்சடித்த இரண்டு அட்டைகளை நீட்டினாள்.

“இனிமே துண்டே போட வேணாம் மேடம். பயணம் முடியற வரைக்கும், எத்தனை மணிக்கு வந்தாலும், நிழல்ல ரெண்டு நாற்காலி உங்களுக்குன்னே இருக்கும். சாரும் காலையில நிம்மதியாத் தூங்கலாம்.”

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. கணவர் அட்டைகளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாளோ பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

“ஏங்க, நீங்க போய் லிஃப்ட்டைப் பிடிச்சு வைங்க” என்றார்.

அவர் சீட்டியடித்தபடி போனார். தலை மறைந்ததும் அம்மாள் கவுன்ட்டருக்குள் பாதி உடம்பை நுழைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, அந்த அட்டையை இப்பவே ரத்து பண்ணிடு. இல்லைன்னா ரெண்டு படிவம் இல்ல, நாலு படிவம் எழுதுவேன்.”

“ஐயோ, ஏன் மேடம்? நிழல் எடம், ரெண்டு நாற்காலி…”

“நாற்காலியில உக்காந்து நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?” அம்மாள் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டார். “வீட்டுலயாவது ஹாலுக்குப் போய்ப் படுத்துக்குவேன், இந்தத் தீப்பெட்டி அறையில எங்கம்மா போவேன்? அந்த மனுஷன் துண்டைத் தூக்கிக்கிட்டு வெளிய போனாத்தான், அந்தக் குறட்டை இல்லாம நான் ரெண்டு மணி நேரமாவது தூங்கறேன்!”