நுரையைப் பார்த்தவர்

கிளாஸ் வந்து இடித்தது. கண் வரவில்லை.

ராடெக்கின் பார்வை ராஜின் பீர் கிளாஸில் நுரைமேல் ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டது.



இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். செக் நாட்டில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கிளாஸை இடிக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். மேசையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரையும், ஒவ்வொருவராக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிராகில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே மேனேஜர் ராடெக்தான். தென்காசிக்காரன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸை நீட்ட, மனுஷன் விடவே இல்லை.

"நுரையைப் பார்க்காதே, ராஜ். என்னைப் பார். கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான்."

அந்த ராடெக்.

ஆபீஸில் பதினைந்து நாளாக ஒரே பேச்சு. டீமில் ஒருவருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது. யாருக்கு என்று திங்கட்கிழமை தெரியும்.

இன்று சனிக்கிழமை. நடுவில் ஆபீஸ் ஏற்பாடு செய்த இந்த உல்லாசம் வேறு. மோட்டார் வைத்த சைக்கிள், வழிகாட்ட யித்கா என்று ஒரு பெண், கிராமம் கிராமமாக முப்பது கிலோமீட்டர், கடைசியில் ஒரு குடும்பம் தன் கொட்டகையிலேயே காய்ச்சும் பீர். சைக்கிள்களையெல்லாம் வேனில் ஏற்றிய பிறகுதான் யித்கா கிளாஸையே கண்ணில் காட்டினாள்.

வேலை போகிற அந்த ஆள் தானாக இருக்காது என்றுதான் அவன் நம்பியிருந்தான். குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கம்பெனிக் கடிதம் வாங்கித் தந்ததே ராடெக். அப்படிப்பட்டவர் கைவிடுவாரா?

இப்போது காலை முழுவதும் திரும்பி வந்தது.

பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களுக்கு நடுவே பாதை. வெற்றிலைக் கொடிக்காலை நாலு ஆள் உயரத்துக்கு இழுத்துக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் பச்சை. ராடெக் எல்லோருடனும் மாறி மாறி இணையாக ஓட்டிக்கொண்டு வந்தார். டீமில் இருந்த போலந்துக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நம்மிடமும் வருவார் என்று அவன் மோட்டார் வேகத்தைக் குறைத்துக் காத்தான்.

பின்னால் ராடெக்கும் குறைத்துக்கொண்டார்.

பாவம், களைத்துவிட்டார் என்று நினைத்தான், மடையன்.



சரி, கிளாஸை இடித்தபோது பார்க்க விட்டுப்போயிருக்கும். எட்டுப் பேரில் ஒருத்தர் விட்டுப்போவது சகஜம்தானே. இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றிப் போனான். ராடெக்குக்கு முன்னால் கிளாஸை நீட்டினான். நீட்டியபடியே நின்றான்.

ராடெக் இந்தமுறை பார்த்தார்.

பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சாவு வீட்டு வாசலில் நிற்பவரின் கண் அது. கை மட்டும் கிளாஸை மெல்ல இடித்தது.

"அந்த மேட்டுல நல்லா ஓட்டினே, ராஜ்."

"மோட்டார்தானே ஓட்டிச்சு" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பொன்செல்வி. கட்டின மனைவி, காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். கிளாஸோடு கொட்டகையின் பின்பக்கம் போனான். வீடியோ.

"என்னங்க, எத்தன தடவ கூப்பிடுதேன்! பாஸ்போர்ட்டு வந்துட்டு. எனக்கும் பாப்பாவுக்கும் விசா குத்திட்டாங்க!"

தென்காசி வெயில் அவள் முகத்தில் மினுமினுத்தது. இரண்டு வருஷமாக இந்த ஒரு நாளைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரமே பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று.

வேலை போனால் அவன் விசா போகும். அவன் விசா போனால் அவர்கள் விசா இரண்டும் வெறும் காகிதம்.

"பதினெட்டாம் தேதி பிளைட்டுல ரெண்டே சீட்டுதான் இருக்காம். போட்டுரட்டா?"

அவன் கொட்டகைச் சுவரோரமாக இன்னும் நாலு எட்டு தள்ளிப் போனான்.

"என்னங்க, கேக்குதா? லைன் இருக்கா?"

அதற்குள் அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். ஐந்து வயசு. கழுத்துவரை பூட்டிய சிவப்புக் குளிர்கோட்டு. நெற்றியில் வியர்வை ஊற்றுகிறது.

"யப்பா! கோட்டு போட்ருக்கேன் பாரு!"

"காலைலேருந்து கழட்ட மாட்டேங்கா" என்றாள் பொன்செல்வி பின்னாலிருந்து.

அவன் கேமராவைச் சட்டென்று தோட்டத்தின் பக்கம் திருப்பினான்.

"இங்க பாரு பாப்பா, எவ்வளவு ஒசரமான கொடி!"

"கொடி வேண்டாம்ப்பா. என்னப் பாரு."

மறு கையில் கிளாஸ் அப்படியே இருந்தது. நுரை பாதி அடங்கியிருந்தது.

"யப்பா, என்னப் பாருப்பா."

நுரை முழுவதும் அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.