எந்தத் தெரு?

"தம்பி, வீடு எந்தத் தெருவுல?"

அப்பா ஜெகநாதன் நண்பனிடம் கேட்டதுமே தீனா குறுக்கே புகுந்தான்.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர் அப்பா. ஸ்பெயினுக்குப் பட்டுச் சால்வை அனுப்பத் தொடங்கியதும், அந்த பாஷை தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மகனை அந்த நாட்டுக்கே ஆறு மாதம் படிக்க அனுப்பினார். அங்கே மொழிப் பள்ளியில் தீனாவுக்கு வாய்த்த அறைத் தோழன்தான் அருள்ராஜ். சென்னைக் கம்பெனி ஒன்று அனுப்பி வந்தவன். வகுப்பில் முதல் மார்க் அவன். அறையில் சோறு வடிப்பவனும் அவன். தீனா செய்யாமல் விட்ட வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுப்பவனும் அவனே.

அப்படிப்பட்டவனை ஊர் திரும்பியதும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிட்டான் தீனா. அழைத்த பிறகுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது.

"அவன் மெட்ராஸ்ப்பா. தெருவெல்லாம் சொன்னா உனக்குத் தெரியாது."

"மெட்ராஸா?" ஜெகநாதன் அருள்ராஜை ஒருமாதிரி பார்த்தார். "சரி, சொந்த ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரு தெரிந்தால் ஜாதி தெரியும். அப்புறம் முகம் மாறும், பேச்சு மாறும், சில வீடுகளில் தட்டும் மாறும்.

தீனா சட்டென்று நண்பன் பக்கம் திரும்பினான். "நோ திகாஸ் லா காயே!"

தெருவைச் சொல்லித் தொலைக்காதே என்று அர்த்தம். ஆறு மாதம் படித்த ஸ்பானிஷ் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மா உண்ணாமலை அப்படியே நின்றுவிட்டாள்.

"காயா? ஏன்டா, காய் வேகலையா?"

"சீ, சீ" என்று தீனாவுக்குத் தலையாட்டினான் அருள்ராஜ்.

உண்ணாமலையின் முகம் தொங்கிப்போனது. "வாயில வெக்கறதுக்கு முன்னாலயே சீன்னுதே இந்தப் புள்ள!"

"ஐயோ அம்மா! அவங்க பாஷையில சீன்னா ஆமான்னு அர்த்தம்!"

"அப்போ வேகலைன்றது நெசந்தானா?"

அருள்ராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பஜ்ஜியை ஒன்றாக வாயில் போட்டு அடக்கிக்கொண்டான்.

அதற்குள் செல்போன் அடிக்க, வாசலுக்குப் போன ஜெகநாதன் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, ஜல்தியா சொல்லு. எந்தத் தெரு?"

தீனாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னப்பா நீ! ரெண்டாயிரத்து நாலு நடந்துகினு இருக்குது. வீட்டுக்கு வந்தவனைக் கேக்கிற கேள்வியா இது? கொஞ்சமாவது நாகரிகம் வேணாம்?"

அப்பாவை நினைத்து அவமானமாக இருந்தது. இன்றோடு அருள்ராஜின் சிநேகிதம் போய்விடுமே என்று பயமாகவும் இருந்தது.

அருள்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டான்.

"தேசூர் காலனிங்க" என்றான், தெளிவான தமிழில்.

தீனா கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அதான் போன்லயே சொல்லிச்சே" என்றாள் உண்ணாமலை. "அங்க நீ தூங்கினப்பல்லாம் அருள்தானேடா போனை எடுத்து எங்கிட்ட பேசிகினு இருந்தது? அவங்கம்மா பேரு சின்னம்மான்றது வரைக்கும் எனக்குத் தெரியும். நீ எதுக்கு மெட்ராஸ்ன்ற?"

தீனா கண்ணைத் திறந்து நண்பன் பக்கம் திரும்பினான்.

அருள்ராஜ் அவனைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட, அதை விடுங்க!" ஜெகநாதன் செல்போனை அருள்ராஜின் கையில் திணித்தார். "காலனின்னு எனக்கும் தெரியும்பா. காலனியில எந்தத் தெரு? கார் எடுத்துகினு போன டிரைவர் அங்க நின்னு பேஜார் பண்றான். உங்கம்மாவையும் சாப்பிடக் கூட்டினு வரச் சொன்னேன், வீடு தெரியலையாம்!"