அழுகைக்கு முன் ஒரு சத்தம்

"சிரிப்பு வந்துடுச்சு, கோபம் வந்துடுச்சு அண்ணி. அழுகைதான் உதைக்குது," என்றார் ஒலிப்பதிவாளர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் அறை இருட்டாக இருந்தது. என் கணவர் நின்று பேசிய மைக்குக்கு உறை போட்டிருந்தார்கள். இனி அதற்கு வேலையில்லை.

அவர் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. அவர் பேசிய பழைய பதிவுகளையெல்லாம் கணினிக்குக் கொடுத்துக் குரலைச் செய்துவிட்டார்கள். என் வாய் வார்த்தை ஒன்றுதான் பாக்கி. சரி என்றால், அடுத்த தொடரின் கதாநாயகன் எல்லா மொழியிலும் அவர் குரலிலேயே பேசுவான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வீட்டில் வாயை மூடிக்கொண்டவர். தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பார். அழ வேண்டிய நாளிலும் அழவில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, ரெக்கார்டிங் இருக்கிறது என்று கிளம்பிப் போனார். வாசலைத் தாண்டிய அந்த முதுகை நான் மன்னிக்கவே இல்லை.

ஸ்டுடியோ நிர்வாகியம்மா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம். பிடிக்கலன்னா இப்பவே, உங்க கண் முன்னாடியே அழிச்சிடறோம்."

ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

ஒலிபெருக்கியில் என் கணவர் சிரித்தார். பிறகு யாரையோ அதட்டினார். அவரேதான். மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன் இருந்தா இந்த மெஷினையே பத்து டேக் வாங்க வெச்சிருப்பாரு," என்று சிரித்த ஒலிப்பதிவாளர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இப்ப அழுகை. எந்த வசனத்தைக் கொடுத்தாலும், அழறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் போடுது அண்ணி. அண்ணனும் அப்படித்தான். அழற சீன்னா மைக்கை விட்டுத் தலையைத் திருப்பி என்னமோ முனகிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. தொண்டையைச் சரி பண்றாருன்னு நாங்க வெட்டிடுவோம். மெஷினுக்கு வெட்டாத பதிவைக் கொடுத்துட்டோமா, அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு."

ஒலியைக் கூட்டினார்.

ஒரு மூச்சு. பிறகு, காதோடு சொல்வது போல, "முய்யி."

அதற்கப்புறம்தான் குரல் உடைந்தது.

"என்ன வார்த்தை மேடம் அது?" என்றார் நிர்வாகியம்மா. "எந்த மொழியிலயும் இல்ல. எடுத்துட்டா குரல் சுத்தமாயிடும்."

எங்கள் வீட்டில் இருந்தது. முயல் என்று சொல்ல வராத ஒரு நாக்கு செய்த சொல். முதலில் அது பொம்மைக்குப் பெயர். அப்புறம் அதுவே எங்கள் மகளுக்கும் பெயர். மூன்று வயதுகூட முடியவில்லை அவளுக்கு. அவளை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒலிப்பதிவாளரின் விரல் பொத்தானின் மேல் காத்திருந்தது.

"எடுக்காதீங்க தம்பி," என்றேன். "இன்னொரு தடவை அழச் சொல்லுங்க."