மகள் குரலில் ஒரு பயிற்சி

பயிற்சி அதிகாரி பாராட்டுச் சான்றிதழை நீட்டியதும் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவசர உதவி மையத்தில் அழைப்புகளை எடுப்பவள் அவள். பயிற்சிக்கென்று வரும் பொய் அழைப்புகளில், இயந்திரம் அவள் மகள் ரோஷ்ணியின் குரலை அப்படியே நகலெடுத்து அலறும். முதல் தடவை வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பத்தாவது தடவை பதறவே இல்லை; அழைப்பு முடிந்ததும் திரையில் முழு மார்க் வந்தது.

"எம்பொண்ணு குரலைத் தொட உங்களுக்கு யாரு சார் உரிமை குடுத்தது?"

"சொந்தக் குரல்னாதாம்மா பாடம் மனசுல நிக்கும்."

"நின்னுடுச்சு சார்! போன வாரம் கொதிக்கிற எண்ணெய் கையில கொட்டி நிஜமாவே கூப்பிட்டா. 'அம்மா, எரியுதும்மா'ன்னு கதறுறா. முகவரி சொல்லுங்கன்னு நிதானமாக் கேட்டேன். கேட்டுட்டு, எத்தனை மார்க் போடுவீங்கன்னு திரையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."