மூன்றாவது ஆணி

புகை வந்து முப்பத்தோரு நாள் ஆகிறது. கதவுக்குப் பின்னால் மூன்று ஆணிகள். துணி மாஸ்க் மாட்ட ஆளுக்கு ஒன்று. என்னுடையதும் மகளுடையதும் மாலையில் சாம்பல் நிறமாகத் திரும்பும். துவைத்துக் காயவைப்பேன்.

மூன்றாவது என் வீட்டுக்காரருடையது. காட்டுத்தீயை அணைக்கப் போனவர், அங்கே வேறு தருவார்கள் என்று இதை விட்டுப் போனார். பதினொரு நாளாகத் தகவல் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் கேட்டால், “தேடிக்கிட்டிருக்கோம்மா” என்கிறார்கள்.

ஆனால் ஆணியில் தொங்கும் அவர் மாஸ்க் தினமும் மாலையில் கரிபிடித்து, வாய் படும் இடத்தில் ஈரமாக இருந்தது.

“என்னடி, அப்பாவோடதைப் போட்டுக்கிட்டுப் போனியா?”

“அது என் மூஞ்சிக்குக் கூடாரம் மாதிரிம்மா. நீதான் அதால அடுப்பைத் துடைச்சிருப்ப.”

நான் துடைக்கவில்லை. அவளும் போடவில்லை. கரியைப் பார்த்தால் எனக்கு இரவில் கொஞ்சம் தூக்கம் வந்தது. தினமும் துவைத்து அதே ஆணியில் மாட்டினேன்.

நேற்று மாலை அது வெள்ளையாக இருந்தது. ஈரமும் இல்லை.

“இன்னைக்கு அதை விட்டுடேம்மா,” என்றாள் மகள்.

வாளியில் தண்ணீர் பிடித்தாகிவிட்டது. அதை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டுத் துவைத்து, இரண்டு முறை அலசினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.